வேட்டைக்குப் போன இடத்தில் தலைகுனிய வைக்கும் தவறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் மே மாதம் புல் காய ஆரம்பித்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, இந்த வருஷம் நானும் வரேன்" என்பார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்தும் டொங்காட்டிலிருந்தும் ஸ்டாங்கரிலிருந்தும் கூப்பிடும் நம் பிள்ளைகள். பொங்கோலா, மகூடு பக்கத்துப் பண்ணைகளுக்கு இருபது வருடமாகப் போய் வருகிறேன். அவர்களில் பலரையும் கூட்டிப் போயிருக்கிறேன். கிளம்பும் முன் எல்லோரும் எந்தத் துப்பாக்கி நல்லது என்றுதான் கேட்பார்கள். திரும்பி வரும் வழியில், வண்டிக்குள் இருட்டியபின், குரலைத் தாழ்த்தி வேறு கேள்விகள் கேட்பார்கள். அந்த இரண்டாம் வகைக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டா?

உண்டு. பெரும்பாலும் காகிதத்தால்தான். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி உரிமம் பத்து வருடத்துக்குச் செல்லும். பத்து வருடம் என்பதாலேயே அது மறந்து போகிறது. காலாவதியாவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும். ஏப்ரலில் ஒருமுறை அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இரவல் துப்பாக்கி பற்றியும் சொல்ல வேண்டும். மாமாவின் துப்பாக்கியைச் சுட வேண்டுமானால் மாமா உங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் டர்பனில் வீட்டில் இருக்க, நீங்கள் மட்டும் அதைக் கொண்டுவந்தால் குற்றம் இருவர் மீதும் விழும். நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தும்போது துப்பாக்கியை வண்டியில் விட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து டீ குடிக்கப் போகாதீர்கள். ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும்.

ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) நன்றாகச் சுடுகிறேன். காட்டில் மட்டும் ஏன் தவறுகிறது?

ரேஞ்சில் மேசை இருந்தது, மணல் மூட்டை இருந்தது, நாற்காலி இருந்தது. காட்டில் மூன்று கால் குச்சியின் மேல் துப்பாக்கியை வைத்து, நின்றபடி, மேடேறி வந்த மூச்சிரைப்போடு சுடுகிறீர்கள். இரண்டும் வெவ்வேறு வேலை. வீட்டில், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, அந்தக் குச்சியை விரித்து நின்று குறிபார்க்கும் பழக்கத்தைத் தினம் பத்து நிமிடம் செய்யுங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது காரணம் தோட்டா. 150 கிரெய்ன் எடையுள்ள குண்டில் ஜீரோ பார்த்துவிட்டு (குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி சரிசெய்துவிட்டு), கடையில் அது தீர்ந்துபோனதால் 180 கிரெய்ன் வாங்கிக்கொண்டு வருவார்கள். குண்டு போய் விழும் இடம் மாறிவிடும். மூன்றாவது, பயணம். கரடுமுரடான சாலையில் நான்கு மணி நேரம் குலுங்கிய ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கி) இடம் நகர்ந்திருக்கலாம். பண்ணைக்குப் போனதும் முதல் வேலையாக 100 மீட்டரில் ஓர் அட்டையை நிறுத்தி மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள். "நேற்றுதான் பார்த்தேன்" என்று சொல்லி அதைத் தவிர்ப்பவர்களை நான் காட்டுக்குள் கூட்டிப் போவதில்லை.

தோட்டாப் பெட்டியில் எழுதியிருப்பதும் குழலில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்றும் அங்கேயே பாருங்கள். இரண்டு பேர் ஒரே வண்டியில் வரும்போது .308 அளவுத் தோட்டா .30-06 அளவுத் துப்பாக்கிக்காரரின் பைக்குள் போய்விடும். அது வெட்கத்தோடு முடிகிற விஷயமே இல்லை. பித்தளைக் கூடு உள்ளேயே வெடித்துக் கிழிந்து, சூடான வாயு முகத்தில் அடிக்கலாம்.

ஸ்கோப்பில் வழி தெளிவாக இருந்தது. குண்டு எப்படி வண்டியின் பானெட்டைத் துளைத்தது?

இதைக் கேட்டவர் என் நெருங்கிய நண்பர். வண்டி அவருடையது இல்லை, பண்ணைக்காரரின் பக்கி, அதாவது பின்புறம் திறந்த பிக்கப் வண்டி. அவர் செய்த தவறை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்கோப், குழலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண் பார்ப்பது ஒரு கோடு, குண்டு போவது அதற்குக் கீழே இன்னொரு கோடு. இரண்டும் தூரத்தில்தான் சந்திக்கும். ஆகவே குழலின் வாய்க்கு முன்னால் ஓரடி தூரத்தில் இருக்கும் பாறை விளிம்போ பானெட்டின் மேடோ கண்ணுக்குத் தெரியாது; குண்டுக்கு மட்டும் குறுக்கே நிற்கும். கரையான் புற்றின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுடும்போதும் இதே கதை நடக்கும். விசையைத் தொடும் முன் தலையைத் தூக்கி, குழலின் வாய் எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று வெறும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். நண்பர் அன்று மாலையே பண்ணைக்காரரிடம் போய்ச் சொல்லி, பானெட்டுக்கான பணத்தையும் கொடுத்தார். அடுத்த வருடமும் அந்தப் பண்ணையில் அவருக்கு இடம் கிடைத்தது.

புருவத்தில் அரைவட்டமாக வெட்டுக்காயம். ஏன்?

கண்ணை ஸ்கோப்புக்கு மிக அருகில் கொண்டுபோய்விட்டீர்கள். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அதன் விளிம்பு புருவத்தில் ஏறிவிடும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மேட்டை நோக்கிச் சுடும்போதும் படுத்துச் சுடும்போதும் அந்த இடைவெளி தானாகச் சுருங்கும். அப்போது கூடுதல் கவனம்.

தோளுக்குப் பின்னால் சரியாகச் சுட்டேன். ஆனாலும் மான் ஓடிவிட்டதே?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் இப்படித்தான் ஆகும். அங்குள்ள மான்களுக்குத் தோளின் பின்மடிப்பைச் சொல்லித் தருவார்கள். இங்குள்ள மான்வகைகளான இம்பாலா, நியாலா, குடூ எல்லாவற்றுக்கும் இதயமும் நுரையீரலும் முன்னால் தள்ளி, தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கின்றன. தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளினால் ஈரல், இன்னும் தள்ளினால் இரைப்பை.

பக்கவாட்டில் நிற்கும் இம்பாலாவுக்கு முன்னங்காலின் கோட்டைப் பிடித்து மேலே வாருங்கள். உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். அவ்வளவுதான். சாய்வாக, பின்பக்கம் நமக்குச் சற்று அருகில் இருக்கும்படி நின்றால், மறுபக்கத்து முன்னங்காலை மனதில் வைத்து, குண்டு அங்கே போய்ச் சேரும்படி குறிபாருங்கள். நேராகப் புட்டத்தைக் காட்டி நின்றால் சுடவே கூடாது. இம்பாலாக் கிடா 50, 60 கிலோதான். அதன் உயிர்நிலை உங்கள் இரண்டு உள்ளங்கை அளவு. குறி ஆடுகிறது என்று தோன்றினால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். மூச்சு அடங்கட்டும். கிடா போய்விட்டால் போகட்டும்.

வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்வகை) அடித்த இடத்திலேயே விழுந்தது. கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடிவிட்டது. இது நடக்குமா?

அடிக்கடி நடக்கும். நீல வில்டபீஸ்ட்டின் திமில் மாதிரி உயர்ந்த தோளும் பிடரி மயிரும் கண்ணை ஏமாற்றும். உடலின் நடு என்று நாம் நினைப்பது உண்மையில் மேல்பாதி. அங்கே படும் குண்டு முதுகெலும்பின் மேல்முள்ளைத் தட்டிவிட்டுப் போகிறது. அந்த அதிர்ச்சியில் விலங்கு இடி விழுந்ததுபோலச் சாயும். ஒரு நிமிடம் கழித்து எழும். எழுந்தபின் அதைப் பிடிப்பது பெரும்பாடு. அது தாங்கும் தாங்கலைப் பார்த்துத்தான் இங்கே அதை ஏழையின் காட்டெருமை என்கிறார்கள்.

சுட்ட கையோடு தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். சட்டென்று விழுந்த விலங்கை, மெல்லத் தள்ளாடி விழுந்ததைவிட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

கிடா என்று நினைத்துப் பெட்டையைச் சுட்டுவிட்டேன். எப்படித் தவிர்ப்பது?

இம்பாலா, நியாலா, குடூ, புஷ்பக் ஆகியவற்றில் பெட்டைக்குக் கொம்பு கிடையாது. வில்டபீஸ்ட்டிலும் பிளெஸ்பக்கிலும் இரண்டுக்கும் கொம்பு உண்டு. அங்கே கொம்பை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். நியாலாவில் இன்னொரு சிக்கல். வளர்ந்த கிடா கருத்து, கழுத்திலும் வயிற்றிலும் நீள மயிரோடு இருக்கும். இளங்கிடாவோ பெட்டையைப் போலவே செம்பழுப்பு நிறத்தில் வெள்ளைக் கோடுகளோடு புதர் நிழலில் நிற்கும். காட்டுப்பன்றி வார்ட்ஹாக்கின் முகத்தில் மருக்களை எண்ணுங்கள்: ஆணுக்கு இரண்டு ஜோடி, பெண்ணுக்கு ஒரே ஜோடி. பின்னால் குட்டிகள் வாலைத் தூக்கிக்கொண்டு வருகின்றனவா என்றும் பொறுத்துப் பாருங்கள்.

குறிபார்த்த கிடாவுக்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே குண்டு இரண்டையும் துளைத்த நாட்கள் உண்டு.

பட்டதா படவில்லையா என்றே தெரியவில்லை. என்ன சொல்வது?

"தெரியவில்லை" என்றே சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் மூன்றாவது வருடம். மகூடு பக்கம் ஒரு பண்ணை, மதியம் மூன்று மணி இருக்கும். இம்பாலாக் கிடா ஒன்று, 120 மீட்டர் தூரம். சுட்டதும் முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது. குண்டு பின்னால் போய்விட்டது என்று கை சொன்னது. விசையை இழுத்த கணமே அது தெரியும். தடம் பார்ப்பவர், தலை நரைத்த சுலு மனிதர், "எங்கே பட்டது?" என்று கேட்டார். கூட இரண்டு நண்பர்கள் நின்றார்கள். "தோளில், சரியாகத் தோளில்" என்றேன்.

அவர் என் வார்த்தையை நம்பி உடனே தடத்தில் இறங்கினார். தோளில் பட்ட இம்பாலா நூறு மீட்டருக்குள் கிடக்கும் என்பது அவர் கணக்கு. இருநூறு மீட்டர் போனபின் குனிந்து ஓர் இலையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். இரத்தம் கருத்து, தண்ணீராக இருந்தது. அதில் மென்ற புல்லின் பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது. மோந்து பார்க்கச் சொன்னார். சாணி வாடை. அவர் ஒன்றும் பேசவில்லை.

குடலில் பட்ட விலங்கை உடனே துரத்தக் கூடாது. அரை மணி, ஒரு மணி, முடிந்தால் இன்னும் கூடக் காத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் பக்கத்துப் புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும், அங்கேயே முடித்துவிடலாம். துரத்தினால் கிலோமீட்டர் கணக்கில் போகும், இரத்தமும் நின்றுவிடும். நான் சொன்ன ஒரு பொய்யால் நாங்கள் துரத்தினோம். இருட்டும்வரை தேடினோம். மறுநாள் காலை கழுகுகள் இறங்குவதைப் பார்த்துப் போனபோது, நரிகள் முடித்துவிட்டுப் போன மிச்சம் ஓடைக்கரையில் கிடந்தது. அந்த வாடை என் கையிலிருந்து சோப்பில் போய்விட்டது. உள்ளே போகவில்லை.

இரத்தம் பேசுவதைக் கேளுங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பாகக் கெட்டியாக இருந்தால் ஈரல், அரை மணியாவது பொறுங்கள். பச்சையோ வாடையோ இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள். சுட்டபோது விலங்கு நின்ற இடத்தில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள், ஓடிய திசையைக் கண்ணில் வையுங்கள். மோப்ப நாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சின்ன ஜாக் ரஸல் நாய் மனிதர் கைவிட்ட தடத்தைப் பிடித்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

காயம்பட்டுத் தப்பிவிட்டது. பணம் கட்ட வேண்டுமா?

ஆம். இங்கே பண்ணைகளின் வழக்கம் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் அந்த விலங்கு உங்கள் கணக்கில். பேரம் பேசாதீர்கள்.

நாங்கள் சத்தமே போடவில்லை. இம்பாலாக்கள் எப்படித் தெரிந்துகொண்டு சீறி ஓடின?

காற்று சொல்லியிருக்கும். காலையில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும், வெயில் ஏறியதும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த வழி பத்து மணிக்குத் தலைகீழாகிவிடும். உள்நாட்டு மலையிலிருந்து வெப்பமான வறண்ட பெர்க் காற்று வீசினால், பின்னாலேயே குளிர்ந்த காற்றுத்திரள் வரப்போகிறது, காற்று மொத்தமாகத் திரும்பப்போகிறது என்று அர்த்தம். ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் சலித்த சாம்பல் வைத்துக்கொண்டு அடிக்கடி ஊதிப் பாருங்கள். நம் வீட்டுத் திருநீறே போதுமா என்று ஒரு தம்பி கேட்டான்; பூஜைப் பொருளை வேண்டாம் என்றேன், அடுப்புச் சாம்பல் இருக்கிறதே.

வாசனைத் தைலம், ஊதுபத்தி மணமுள்ள சட்டை, கைப்பேசியின் ஒலி, இவையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தடம் பார்ப்பவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வயதில் மூத்தவரை "பாபா" என்று கூப்பிடுங்கள். அப்பா என்று பொருள். நம் வாய்க்கு அது ஒன்றும் புதிதில்லை. அவர் கையைத் தூக்கினால் நில்லுங்கள், கேள்வி கேட்காதீர்கள். நாள் முடிவில் "ங்கியாபோங்கா" என்று நன்றி சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கையில் கொடுங்கள். வண்டியில் நமக்கு உணவுப் பொட்டலம் இருந்து அவருக்கு இல்லாமல் போனதை ஒருமுறை பார்த்தேன். எந்தக் குறி தவறியதையும்விட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. அன்றிலிருந்து ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் எப்போதும் ஓர் ஆள் கூடவே கட்டுகிறோம்.

செருப்பு, முள், பூச்சி?

புதுச் செருப்போடு வராதீர்கள். முட்டி தெரியும் கால்சட்டையும் வேண்டாம். நம் இலந்தைக்கு உறவான முள்மரம் ஒன்று இங்கே எங்கும் உண்டு, சுலுவில் உம்லஹ்லன்கோசி. கணுவுக்குக் கணு ஒரு முள் நேராக நீட்டியிருக்கும், பக்கத்து முள் பின்னோக்கி வளைந்திருக்கும். மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், ஓரடி பின்னால் போய் விடுவித்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்து வர சுலு மக்கள் இந்த மரத்தின் கிளையைத்தான் கையில் ஏந்துவார்கள். அதனால் அதை வெட்டித் தள்ளிவிட்டு நடக்காதீர்கள்.

மாலையில் குளிக்கும்போது உண்ணி பாருங்கள். ஒரு வாரம் கழித்துக் கடும் தலைவலியும் காய்ச்சலும், கடித்த இடத்தில் கருத்த பொருக்கும் வந்தால் மருத்துவரிடம் "காட்டில் இருந்தேன்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

வண்டியில் ஏறும்போது துப்பாக்கியில் தோட்டா இருந்தால் என்ன? விசையைப் பூட்டும் சேஃப்டி போட்டிருக்கிறேனே?

சேஃப்டி ஓர் இரும்புத் துண்டு. தேயும். பக்கியில் ஏறும் முன் தோட்டாவை எடுத்து, போல்ட்டைத் திறந்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். கம்பிவேலி தாண்டும்போதும் அப்படியே. எவ்வளவு அனுபவசாலியானாலும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொள்பவரோடு மறுமுறை போகாதீர்கள். விழுந்து எழுந்தால் போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்; கட்டைவிரல் அளவு சேறு அடைத்திருந்தாலும் குழல் பிளந்துவிடும்.

புகைப்படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். வாயிலிருக்கும் இரத்தத்தைத் துடைத்து, நாக்கை உள்ளே தள்ளி, கால்களை மடித்துக் கிடத்திவிட்டுப் பின்னால் அமருங்கள். மேலே ஏறி உட்காராதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன், அதில் ஆயாவும் விரதத்தில் இருக்கும் பெரியம்மாவும் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசையாகக் கொண்டுவந்த இறைச்சியில் வாடை வந்துவிட்டது. எங்கே தவறு?

மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, குடலை எடுக்கும்போது கத்தி நுனி இரைப்பையைக் குத்திவிட்டது. இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, கூர் மேலே பார்க்கும்படி கத்தியை நகர்த்த வேண்டும். இரண்டு, இம்பாலாவின் பின்னங்கால்களில் குளம்புக்கு மேலே கருத்த மயிர்க்கற்றை இருக்கிறதே, அதன் கீழே மணச்சுரப்பி. அதைத் தொட்ட கையோடு இறைச்சியைத் தொட்டிருப்பீர்கள். மூன்று, இன்னும் சூடாக இருக்கும் இறைச்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்து, நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, பிறகு குளிர்அறைக்குக் கொண்டுபோங்கள்.

சமைக்கும்போது ஆட்டுக்கறி என்று நினைக்காதீர்கள். மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. எண்ணெய் கொஞ்சம் தாராளமாக, தீ சிறிதாக, நேரம் கூடுதலாக. தொடைக்கறியை மல்லி, மிளகு, வினிகரில் ஊறவைத்துப் பில்டாங் (உலர்த்திய கறி) போட்டால் ஒரு துண்டும் வீணாகாது.

ஆடியிலும் புரட்டாசியிலும் என்ன செய்வது?

நம் வீடுகளில் இதுதான் உண்மையான சங்கடம். வேட்டைக்காலத்தின் நடுவில் ஆடி வருகிறது. மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். அது முடிந்து ஒரு மாதத்தில் புரட்டாசி. ஒரு தம்பி, நாள் பார்க்காமல், ஆடி வெள்ளிக்கிழமை காலை நியாலாக் கால் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு சமையலறைக்குள் நுழைந்தான். அவன் அம்மா அம்மனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, வீட்டைக் கழுவ ஆரம்பித்தார். அவன் வாளியை வாங்கிக் கழுவியிருக்கிறான்; அம்மா பேச மூன்று நாள் ஆயிற்று.

பண்ணையில் தேதி குறிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மே, ஜூன் மாதத்தில் முடித்துக்கொள்வது நல்லது. தவிர்க்க முடியாமல் ஆடியில் போக நேர்ந்தால், இறைச்சியைக் கசாப்புக் கடைக் குளிர்அறையிலோ விரதமில்லாத நண்பர் வீட்டிலோ வைத்துவிட்டுக் குளித்தபின் வீட்டுக்குப் போங்கள். பிறகு கொண்டுவரும்போது பொட்டலத்தின் மேல் விலங்கின் பெயரையும் தேதியையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆயா கண்ணாடி போடாமலே படிக்கும்படி, பெரிய எழுத்தில்.